மதிய உணவும் நாலு பைசாவும்

மலர்க் குழுவினர் என்னிடம் கல்லூரி நினைவுகள் எழுதித் தரச் சொன்னார்கள். ஹாஸ்டல் கூத்துகளை என்னைவிடச் சுவையாக எழுதக்கூடிய நண்பர்கள் நிறையப் பேர் இருப்பதால், அதை அவர்களுக்கே விட்டுவிட்டேன். நம்மில் பல பேர் இந்தக் கல்லூரி வாசலுக்கு வருவதற்கு எது காரணமாக இருந்ததோ, அதன் வரலாற்றைக் கொஞ்சம் எழுதிப் பார்க்கலாம் என்று தோன்றியது. அது சோறு.

1920-ல் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்தவர் சர் பிட்டி தியாகராய செட்டியார். ஆயிரம் விளக்குப் பகுதியில் இருந்த மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுக்க அந்த ஆண்டு தீர்மானம் போட்டார்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓரணாவுக்கு மேல் செலவாகக் கூடாது என்பது நிபந்தனை. பிறகு வேறு சில பள்ளிகளுக்கும் அது பரவியது. ஆரம்பக் கல்வி நிதியிலிருந்து இதற்குச் செலவு செய்யக் கூடாது என்று பிரிட்டிஷ் அரசு சொன்னதால் 1925-ல் நின்றுபோனது. கல்வி வேறு, சோறு வேறு என்று கணக்குப் பிரித்து வைத்திருந்தார்கள். அந்தப் பிரிவினை எவ்வளவு தப்பு என்பதை ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்து வாத்தியாரைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

காமராஜர் 1954-ல் முதலமைச்சரானார். அவருக்குக் கல்வி இயக்குநராக வாய்த்தவர் நெ.து. சுந்தரவடிவேலு. மாடு மேய்த்துக்கொண்டிருந்த சிறுவனிடம் காமராஜர் பேசிய கதையை நாம் எல்லோரும் மேடையில் கேட்டிருக்கிறோம். நாலு ஊர்ப் பெயரோடு, நாலு விதமாகக் கேட்டிருக்கிறேன். அந்தக் கதைக்குள் நான் போகவில்லை. ஆனால் அதில் ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் காலத்தில் மாடு மேய்க்கும் பிள்ளைக்குக் கூலி என்று கையில் காசு வருவது குறைவு. மாட்டுக்காரர் வீட்டுக் கஞ்சிதான் கூலி. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினால் அந்த ஒரு வேளைக் கஞ்சி போய்விடும். பெற்றவர்களுக்குப் படிப்பின் அருமை தெரியவில்லை என்று பேசுவது சுலபம். அவங்களுக்கு அது நல்லாவே தெரியும். அந்த ஒரு வேளையை யார் கொடுப்பது என்பதுதான் தெரியலை. சம்பளம் இல்லை, புத்தகம் இலவசம் என்று சொன்னாலும் இந்தக் கணக்கு சரியாகாது. பள்ளிக்கூடமே கஞ்சி ஊற்றினால்தான் நேராகும்.

1956-ல் பாரதி பிறந்த எட்டயபுரத்தில் மதிய உணவைக் காமராஜர் தொடங்கி வைத்தார். நண்பர்கள் பலருக்குத் தெரியாத விஷயம், தொடங்கியபோது அது அரசாங்கத் திட்டமாக இல்லை என்பது. ஊர்க்காரர்கள் குழு அமைத்து, அரிசி, பருப்பு, காய்கறி, விறகு என்று முடிந்ததைக் கொடுத்து நடத்தினார்கள். 1957 நவம்பரில்தான் அரசு மானியம் வந்தது. ஒரு சாப்பாட்டுக்கு 10 பைசா என்று கணக்கு. அரசு 6 பைசா, ஊர் 4 பைசா. (1920-ன் ஓரணா என்பது நயா பைசா கணக்கில் ஆறேகால். முப்பத்தேழு வருஷம் கழித்து அரசு தன் பங்காகக் கொடுத்ததும் ஏறக்குறைய அதே தொகைதான்!)

பொறியாளன் என்பதால் எதையும் பெருக்கிப் பார்ப்பது எனக்குப் பழக்கம். வருஷத்துக்கு 200 நாள். ஒரு பிள்ளைக்கு ஊர் தர வேண்டியது 8 ரூபாய். 50 பிள்ளைகள் சாப்பிடும் பள்ளிக்கு 400 ரூபாய். அன்றைக்குக் கிராமத்தில் இது லேசான காசு இல்லை. கொடுத்த ஊர்கள் கொடுத்தன. எங்கள் அப்பாயி அறுவடை முடிந்ததும் பள்ளிக்கூடத்துக்கு என்று ஒரு மரக்கால் நெல் தனியாக எடுத்து வைப்பார்களாம். "நம்ம புள்ள மட்டுமா திங்குது, ஊர்ப் புள்ள அம்புட்டும் திங்குதுல்ல" என்று என் அப்பாவிடம் சொல்வார்களாம். 1958-ல் கடம்பத்தூரில் ஆரம்பித்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளும் இதே வழிதான். கட்டடம், நிலம், கடிகாரம், பெஞ்சு, சீருடை என்று ஊர் ஊராக மக்களே கொடுத்தார்கள். சீருடையில் ஒரு நுட்பம் உண்டு. சட்டையை வைத்துப் பிள்ளையின் வீட்டை அளப்பது அன்றோடு குறைந்தது.

இதைப் பொற்காலம் என்று மட்டும் எழுதினால் அது வரலாறாகாது. ஊரே ஏழையாக இருந்தால் நாலு பைசா எங்கிருந்து வரும்? எங்கே தேவை அதிகமோ அங்கே கொடுக்க ஆள் குறைவு. இந்த ஓட்டை திட்டத்தின் அஸ்திவாரத்திலேயே இருந்தது. 1961 முதல் அமெரிக்காவின் கேர் நிறுவனம் உணவுப் பொருள் கொடுக்க ஆரம்பித்தது. என் அப்பா சாப்பிட்டது அந்த மஞ்சள் கலர் மக்காச்சோள உப்புமாவும் பால்பவுடர்ப் பாலும்தான். இன்றைக்கும் வீட்டில் உப்புமா கிண்டினால் அந்த வாசனையைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசாமல் தட்டைத் தொடமாட்டார்.

அந்த ஓட்டையை அடைத்தது 1982. ஜூலை 1 அன்று எங்கள் திருச்சிப் பக்கம் பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். ஊரிடம் கையேந்த வேண்டாம், அரசே முழுக்க ஏற்கும். முதலில் கிராமத்துச் சின்னப் பிள்ளைகள், அந்த வருஷமே நகரத்துப் பிள்ளைகள், 1984-ல் 15 வயது வரை. வீண்செலவு என்று அப்போது கணக்குச் சொன்ன பெரியவர்கள் உண்டு. மையத்துக்கு ஓர் அமைப்பாளர், ஒரு சமையலர், ஓர் உதவியாளர் என்று பெண்களுக்குக் கிடைத்த வேலையை அவர்கள் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. கணவனை இழந்த என் சித்தி உதவியாளராகச் சேர்ந்து, அந்தச் சம்பளத்தில்தான் இரண்டு பிள்ளைகளைக் கரையேற்றினார்.

1989-ல் கலைஞர் ஆட்சியில் முட்டை வந்தது. 2001 நவம்பரில் நாடு முழுவதும் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த உணவு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2022 செப்டம்பரில் மதுரையில் காலை உணவும் ஆரம்பமானது. ஆயிரம் விளக்குச் சிற்றுண்டிக்கு ஒரு நூற்றாண்டு கழித்து!

இவ்வளவுக்கும் பிறகு ஒரு இடைவெளி அப்படியே இருக்கிறது. சத்துணவு பத்தாம் வகுப்போடு முடிகிறது. பதினொன்றாம் வகுப்பில் பிள்ளையின் பசி நின்றுவிடுவதாக எந்த மருத்துவரும் சொல்லவில்லை. கல்லூரிக்கு வந்தால் இன்னும் மோசம். நான் முதலாண்டு படித்தபோது எங்கள் வகுப்பில் இருவர் காலை ஐந்தே முக்கால் பஸ்ஸைப் பிடித்து வருவார்கள். இடைவேளையில் கேன்டீன் பக்கமே வரமாட்டார்கள். பசிக்கலைடா என்பார்கள். அப்போது எனக்கும் அது பொய்யாகப் படவில்லை. இன்று முதல் பட்டதாரிகளுக்குக் கட்டணச் சலுகை இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்து வந்தவர்களுக்கு 7.5 சதவீத இடஒதுக்கீடும், மாதம் ஆயிரம் ரூபாய் உதவியும் வந்திருக்கின்றன. நல்ல காரியங்கள்தான். ஆனால் பஸ்ஸும் ஜெராக்ஸும் போக அந்த ஆயிரத்தில் சாப்பாட்டுக்கு எவ்வளவு மிஞ்சும் என்று வெளியூர் மாணவர் எவரையும் கேட்டுப் பாருங்கள்.

நம் சங்கத்துக்கு என் யோசனை இதுதான். உதவி தேவைப்படும் 60 மாணவர்கள் என்று வைத்துக்கொள்வோம். வருஷத்தில் 180 வேலை நாள், காலை டிபனுக்கு 40 ரூபாய். ஆக 4,32,000 ரூபாய். 300 உறுப்பினர் பகிர்ந்தால் ஆளுக்கு வருஷம் 1,440 ரூபாய், அதாவது நாளைக்கு நாலு ரூபாய்க்கும் கீழே. யார் யாருக்கு என்பது வகுப்பு ஆசிரியருக்கும் கேன்டீன்காரருக்கும் மட்டும் தெரிந்தால் போதும். மற்ற மாணவர்கள் வாங்கும் அதே டோக்கன், அதே வரிசை. சீருடை செய்த வேலையை டோக்கன் செய்யட்டும்.

பொதுக்குழு நிகழ்ச்சி நிரலில் இதைச் சேர்க்கும்படி செயலாளருக்கு எழுதியிருக்கிறேன். மதிய விருந்துக்கு முன்பே எடுத்துக்கொண்டால் நல்லது. சாப்பிட்ட பிறகு நம்மில் பாதிப் பேர் கிளம்பிடுவோம்.