தன்னார்வ மலைமீட்புக் குழுக்களின் நிதி திரட்டல்

மலைகளில் விபத்துக்குள்ளானோரையும் வழி தவறியோரையும் ஊதியமின்றித் தேடி மீட்பவர்கள் தன்னார்வ மலைமீட்புக் குழுவினர். உழைப்பை இலவசமாகத் தரலாம். கயிறு, தூக்குப்படுக்கை, வானொலிக் கருவி, வண்டி, எரிபொருள் ஆகியவை இலவசமாகக் கிடைப்பதில்லை. இச்செலவை யார் ஏற்பது என்பதற்கு நாடுகள் வெவ்வேறு வழிகளைக் கண்டன.

இங்கிலாந்து

1928-இல் லாடோ பாறையில் ஏறிய ஒருவர் விழுந்து காலை முறித்துக்கொண்டார். வலிநீக்கி மருந்து இல்லாமல் நெடுநேரம் சுமந்து வரப்பட்ட அவர், பின்னர் அக்காலையே இழந்தார். அவருக்குச் சிகிச்சையளித்த மான்செஸ்டர் அறுவை மருத்துவர் வில்சன் ஹே, சுமந்து வந்தபோது பட்ட வலியும் அதிர்ச்சியுமே இதற்குக் காரணம் என்று கருதினார். 1932-இல் இரண்டு மலையேற்றச் சங்கங்கள் கூட்டுக் குழு அமைத்து, மலைக்கு ஏற்ற தூக்குப்படுக்கையை உருவாக்கின. மீட்பு நிலையங்களுக்குச் சட்டத்தை மீறி மார்பின் வழங்கிய ஹேக்கு 1949-இல் அபராதம் விதிக்கப்பட்டது. அதன்பின் அந்நிலையங்கள் மார்பின் வைத்திருக்க அரசு அனுமதித்தது.

1947-இல் கெசிக், கோனிசுடன் போன்ற ஊர்களில் உள்ளூர்க் குழுக்கள் தோன்றின. கடைகளில் வைக்கும் உண்டியல், நன்கொடை, உயிலில் எழுதிவைக்கும் தொகை, ஓட்டப்பந்தயங்கள் ஆகியவை இத்தகைய குழுக்களின் வருவாய் வழிகள். மீட்கப்பட்டவரிடம் கட்டணம் கேட்பதில்லை. கட்டணத்துக்கு அஞ்சி உதவி கேட்கத் தாமதித்தால் உயிர் போகும். மீட்போருக்கும் இடர் கூடும் என்பதே காரணம்.

சுவிட்சர்லாந்து

1952-இல் தொடங்கிய வான்மீட்பு அமைப்பு 'ரேகா', பணமுடைக்கு உள்ளாகி 1966-இல் பொதுமக்களை ஆதரவாளர்களாகச் சேர்த்தது. ஆதரவாளர் ஆண்டுதோறும் சிறுதொகை தருவார். காப்பீடு ஏற்காத மீட்புச் செலவை அமைப்பு அவருக்குத் தள்ளுபடி செய்யலாம். இது காப்பீடன்று, நன்கொடையே. இன்று ஆதரவாளர்கள் 30 இலட்சத்துக்கும் மேற்பட்டோர். அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சி கலியுக வரதராசப் பெருமாள் கோயிலில் உழவர்கள் விளைச்சலில் ஒரு பங்கைக் காணிக்கையாகச் செலுத்துவர். பலர் தரும் சிறுபங்கு பெருநிதியாகும் என்பதை நம்மூரார் இதைக்கொண்டு எளிதில் உணரலாம்.

நேபாளம்

1973-இல் அமைந்த இமாலய மீட்புச் சங்கம், பெரிச்சே மருத்துவ நிலையத்தில் தன்னார்வ மருத்துவர்களை அமர்த்துகிறது. வெளிநாட்டுப் பயணிகள் செலுத்தும் கட்டணம் உள்ளூர் மக்களின் குறைந்த செலவு மருத்துவத்துக்கு உதவுகிறது.

தமிழ்நாடு

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி காட்டுத்தீயில் மலையேற்றக் குழுவினர் சிக்கினர். 23 பேர் இறந்தனர். வனத்துறை, தீயணைப்புத் துறை, விமானப்படை ஆகியவற்றுடன் உள்ளூர் மக்களும் மீட்பில் ஈடுபட்டனர். மலையடிவார மக்களே பெரும்பாலும் முதலில் சென்று சேர்பவர்கள். பச்சைமலை, கொல்லிமலை போன்ற இடங்களிலும் இதுவே நிலை. அவர்களுக்குத் தூக்குப்படுக்கையும் முதலுதவிப் பயிற்சியும் கிடைக்க வேண்டுமாயின், அதற்கான நிதியை விபத்துக்குப் பின்னல்ல, முன்னரே திரட்ட வேண்டும்.