மது நிலவறையில் ஓர் ஆய்வுக்கூடம்

பின்னாளில் கெல்வின் பிரபு எனப் புகழ்பெற்ற வில்லியம் தாம்சன், 1846இல், தமது 22ஆம் வயதில், கிளாஸ்கோ பல்கலைக்கழகப் பேராசிரியரானார். உலோகங்களின் மின்னியல்புகளை அளக்கும் பணிக்குத் துணையாக அவர் தம் மாணவர்களையே அழைத்தார். பழைய பேராசிரியர் இல்லமொன்றின் மது நிலவறை ஆய்வுக்கூடமாயிற்று. விரும்பி வந்தோருள் முக்காற்பங்கினர் அடுத்துச் சமயக் கல்விக்குச் செல்பவர்கள் என்று அவரே பிற்காலத்தில் கூறினார். பாதிரியாராகப் போகிறவனுக்குக் கம்பியின் மின்தடை எதற்கு என்று அங்கே எவரும் தடுக்கவில்லை போலும்!

கம்பியை இழுத்து நீட்டினால் அதன் மின்தடை மாறும் என்பதைத் தாம்சன் 1856இல் அறிவித்தார். அவ்வுண்மையைக் கொண்டே 1938இல் அமெரிக்காவில் சிம்மன்ஸ், ரூஜ் என்னும் இருவர், தனித்தனியே, மெல்லிய கம்பியைப் பொருளின்மீது ஒட்டி அதன் திரிபை அளக்கும் உணரியை அமைத்தனர். கடைகளிலுள்ள மின்னணுத் தராசு பலவற்றினுள் இருப்பதும் அவ்வகை உணரியே.

இதனைப் படிக்குந்தோறும் நான் தலைமையாசிரியனாயிருந்த பள்ளி நினைவுக்கு வருகிறது. கருவிகள் கண்ணாடி அலமாரியில் பூட்டிக் கிடந்தன. உடைந்தால் தணிக்கைக்கு யார் விடை சொல்வது? கால்வனாமீட்டரைத் தொட்டுப் பார்க்கலாமா என்று ஒருநாள் ஒரு மாணவன் கேட்டான். செய்முறைத் தேர்வு வரட்டும் என்றேன். அலமாரியின் சாவி அப்போது என் சட்டைப் பையில்தான் இருந்தது.