ஓய்மாநாட்டு மடைநூல் முதல் ‘சமைத்துப் பார்’ வரை: தமிழில் சமையல் எழுத்தின் வளர்ச்சி

தமிழில் சமையல் நூல் பற்றிய மிகப் பழைய செய்திகளுள் ஒன்று, செஞ்சி–பனமலை வட்டாரத்தை ஒட்டிய நிலத்திலிருந்து கிடைக்கிறது. பத்துப்பாட்டுள் ஒன்றான சிறுபாணாற்றுப்படை ஓய்மாநாட்டை ஆண்ட நல்லியக்கோடனைப் பாடுகிறது. ஓய்மாநாடு இன்றைய திண்டிவனத்தைச் சூழ்ந்த பகுதி. அதன் கிடங்கில் என்னும் ஊர் இப்போது திண்டிவனத்துக்குள் அடங்கிவிட்டது. பாட்டில் வரும் எயிற்பட்டினம் மரக்காணமே என்பர் அறிஞர். அங்கிருந்து மேற்கே உள்நாட்டில் செஞ்சிக் குன்றுகளும், அவற்றுக்குத் தெற்கே பனமலையும் உள்ளன.

சமையல் அறிவு பெரும்பாலும் பார்த்தும் செய்தும் கற்கப்படுவது. அடுப்பருகே கற்றுக்கொடுக்க ஒருவர் இருக்கும்வரை அதற்கு எழுத்து தேவைப்படுவதில்லை. சொல்பவரும் செய்பவரும் ஒரே இடத்தில் இருக்க முடியாதபோது எழுத்து அங்கே வருகிறது. தமிழில் சமையல் எழுத்து வளர்ந்த ஒவ்வொரு கட்டத்திலும் இந்தப் பிரிவைக் காணலாம்.

மடைநூல்

இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் இயற்றிய சிறுபாணாற்றுப்படை 269 அடிகள் கொண்டது. பரிசில் பெறச் செல்லும் பாணன் வழியில் எந்த ஊரில் எதை உண்பான் என்பதை அது நிலவாரியாகச் சொல்கிறது. எயிற்பட்டினத்தில் நுளையர் என்னும் மீனவர் குடியிருப்பில் தேறலும் சுட்ட குழல்மீனும் கிடைக்கும். வேலூரில் எயிற்றியர் என்னும் வேட்டுவப் பெண்கள் புளி சேர்த்து ஆக்கிய சோற்றை ஆமான் சூட்டிறைச்சியோடு தருவர். ஆமூரில் உழவர் வீட்டில் குற்றிய அரிசிச் சோறும் நண்டுக் கலவையும் உண்டு. கடற்கரையிலும் காட்டிலும் வயலிலும் விளைந்ததே அந்தந்த ஊரின் உணவு.

அரண்மனை உணவு வேறு வகையானது. நல்லியக்கோடன் படைத்த பலவகை அடிசிலும் வீமன் இயற்றிய நுட்பமான சமையல் நூலின் முறையிலிருந்து வழுவாதவை என்கிறார் புலவர். வீமன் பெயரால் சமையல் நூல் ஒன்று இருந்ததாகக் கருதும் மரபு தமிழகத்தில் வழங்கியதை இது காட்டுகிறது. சமையலை நூல்வழி நின்று செய்வது அரசனுக்குப் பெருமை என்ற எண்ணமும் இதில் உண்டு. மணிமேகலையின் ‘ஊரலர் உரைத்த காதை’ ஆடல்மகளிர் பயிலும் கலைகளை அடுக்கும்போது மடைநூலையும், அதாவது சமையல் நூலையும், சேர்த்துச் சொல்கிறது. ஆக, பழந்தமிழர் சமையலை நூலாகப் பயிலத்தக்க கலைகளுள் ஒன்றாக வைத்திருந்தனர். ஆனால் அத்தகைய மடைநூல் எதுவும் இன்று கையில் இல்லை. அதைப் பற்றிய குறிப்பு மட்டுமே நின்றது. சிறுபாணாற்றுப்படைக் குறிப்பும் 1889இல் உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு பதிப்பித்த பிறகே பரவலாகத் தெரியவந்தது.

கல்லில் வெட்டிய அளவுகள்

பனமலைக் குன்றின் மேலுள்ள தாளகிரீசுவரர் கோயில் 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவன் இராசசிம்மன் காலத்தில் எழுந்தது. கற்கோயில்கள் பெருகியபோது நாள்தோறும் திருவமுது படைக்கும் மடைப்பள்ளிகளும் பெருகின. கொடை கொடுத்தவர் காலமெல்லாம் மடைப்பள்ளி வாசலில் நின்று மேற்பார்வை செய்ய இயலாது. அவருக்குப் பதிலாகக் கல்வெட்டு நின்றது.

இதற்கு நல்ல சான்று திருநெல்வேலிப் பகுதி அம்பாசமுத்திரத்தில் கிடைத்த வரகுண பாண்டியனின் 9ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு. அரிசி, பசுநெய், தயிர், வாழைப்பழம், சர்க்கரை, காயம் ஆகியவை ஒவ்வொன்றும் எவ்வளவு வேண்டும் என்று அது வரையறுக்கிறது. காய்க்கறி, புளிங்கறி, புழுக்குக்கறி, பொரிக்கறி எனக் கறிகளைச் செய்முறையால் பிரித்துக் காட்டுகிறது. பயற்றால் ஆக்கும் கும்மாயமும் அதில் உண்டு. இன்றைய இலையில் வைக்கும் பொரியலுக்கும் புளிக்குழம்புக்கும் உறவான பெயர்கள் அவை.

கல்வெட்டு எப்படிச் சமைப்பது என்று சொல்லவில்லை. அது மடைப்பள்ளியாருக்குத் தெரிந்த வேலை. எவ்வளவு என்பதை மட்டும் விட்டுக்கொடுக்காமல் சொல்கிறது. 5 செவிடு 1 ஆழாக்கு, 2 ஆழாக்கு 1 உழக்கு, 2 உழக்கு 1 உரி, 2 உரி 1 நாழி, 8 நாழி 1 குறுணி என்ற அளவு வாய்பாட்டின் பெயர்கள் பலவும் ஆயிரம் ஆண்டு கடந்தும் தமிழ்நாட்டுச் சமையலறைகளில் வழங்கின. இன்று கிடைக்கும் சான்றுகளின்படி, சமையலில் முதலில் எழுத்துக்கு வந்தது அளவு. பக்குவத்தைச் சொல்லும் எழுத்து பின்னரே பெருகியது.

கோட்டையும் அரண்மனையும்

செஞ்சிக் கோட்டையில் நாயக்கர் காலப் பெரிய தானியக் களஞ்சியம் இன்றும் நிற்கிறது. முற்றுகைக் காலத்தில் கோட்டைக்குள் இருப்பவர்களுக்குச் சோறு போடக் கட்டிய கட்டடம் அது. 1677இல் சிவாஜியின் கைக்கு வந்த செஞ்சி ஏறத்தாழ 20 ஆண்டுகள் மராத்தியரிடம் இருந்தது. சிவாஜியின் குலத்தைச் சேர்ந்தவர்கள் ஆண்ட தஞ்சை மராத்திய அரசில்தான் சமையல் எழுத்தின் அடுத்த கட்டம் தெளிவாகத் தெரிகிறது.

17ஆம் நூற்றாண்டில் இரகுநாத சூரி வடமொழியில் எழுதிய ‘போஜன குதூகலம்’ உணவுப் பொருள்களின் குணங்களையும் உண்ணும் முறைகளையும் தொகுத்தது. இரண்டாம் சரபோஜி (1798–1832) காலத்து அரண்மனைச் சமையல் முறைகள் மராத்தியில் எழுதப்பட்டன. அவை ‘சரபேந்திர பாகசாஸ்திரம்’ என்ற பெயரில் தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தின் வழியே அச்சுக்கு வந்தன. தமிழ் மருத்துவ மரபிலோ ‘பதார்த்த குண சிந்தாமணி’ போன்ற நூல்கள் எந்தக் காய் சூடு, எந்தக் கீரை குளிர்ச்சி, எதை எதனோடு சேர்க்கக் கூடாது என்று செய்யுளில் சொல்லிவந்தன. வீட்டுப் பெண்கள் நாவில் வழங்கும் பத்தியக் குறிப்புகளுக்கும் இந்த மரபுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. ஆனால் இந்தச் சுவடிகளை வைத்திருந்தவர்கள் அரசரும் புலவரும் வைத்தியருமே. வீட்டு அடுப்புக்கு அவை நேரே போய்ச் சேரவில்லை.

அச்சின் வருகை

19ஆம் நூற்றாண்டில் சென்னையில் ஆங்கிலேயர் வீடுகளில் சமையலைச் சொல்பவருக்கும் செய்பவருக்கும் இடையே மொழியே தடையாக இருந்தது. ‘வைவர்ன்’ என்ற புனைபெயரில் கென்னி-ஹெர்பர்ட் என்ற படை அதிகாரி எழுதிய ‘கலினரி ஜாட்டிங்ஸ் ஃபார் மெட்ராஸ்’ 1878இல் வெளிவந்தது. துரைசானிகள் தங்கள் தமிழ்ச் சமையல்காரருக்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பது என்பதை அது விரிவாகப் பேசியது. அதில் சமையல்காரருக்கு வைத்த பெயர் ‘ராமசாமி’. உத்தரவு இடுபவர் படிக்க எழுதிய நூல் அது. அடுப்பில் வெந்தவர் அதை வாசிக்க வழியில்லை.

தமிழில் ‘பாக சாஸ்திரம்’ என்ற பெயர் தாங்கிய அச்சு நூல்களும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி வெளிவரத் தொடங்கின. பெண்கல்வி பரவியதும் பெண்களுக்கான இதழ்கள் தோன்றியதும் இக்காலத்தில்தான். பாரதியார் ஆசிரியராக இருந்த ‘சக்கரவர்த்தினி’ 1905இல் தொடங்கியது. வை. மு. கோதைநாயகி 1925 முதல் ‘ஜகன்மோகினி’யை நடத்தினார். இல்லத்தை நடத்தும் பெண்ணை வாசகியாக மதித்து அவரிடம் நேரே பேசும் எழுத்து தமிழில் வேரூன்றியது. பின்னாளில் வந்த சமையல் நூல்களுக்கு வேண்டிய வாசகர் இவ்வாறு உருவாயினர்.

‘சமைத்துப் பார்’

எஸ். மீனாட்சி அம்மாள் 1951இல் ‘சமைத்துப் பார்’ முதல் பாகத்தை வெளியிட்டார். இளம் வயதிலேயே கணவரை இழந்தவர் அவர். உறவுக்குள் யாருக்குச் சமையலில் ஐயம் வந்தாலும் அவருக்கே கடிதம் எழுதிக் கேட்டனர். பதில் எழுதுவதற்குப் பதிலாக எல்லாவற்றையும் நூலாக்கிவிடலாம் என்று ஊக்கமூட்டியவர், உறவினரும் வழக்கறிஞருமான கே. வி. கிருஷ்ணசாமி ஐயர். அடுத்த பாகங்களும் தொடர்ந்து வந்தன. 1962இல் அம்மையார் மறைந்தார். 1968இல் ஆங்கிலப் பதிப்பு வந்தது. குடும்பத்தார் இன்றும் அந்நூலைப் பதிப்பித்துவருகின்றனர்.

நாடு விடுதலை பெற்ற பின் பம்பாய்க்கும் டெல்லிக்கும் கல்கத்தாவுக்கும் வேலைக்குப் போன இளைஞர்களோடு புதுமணப் பெண்களும் போயினர். கூட்டுக் குடும்பத்தில் மாமியாரும் அத்தையும் பக்கத்தில் நின்று சொன்னதை அங்கே சொல்ல ஆளில்லை. அந்த இடத்தை ‘சமைத்துப் பார்’ நிரப்பியது. தெரிந்தவருக்கு நினைவூட்டுவது போல் எழுதாமல், ஒன்றும் தெரியாதவரை மனத்தில் வைத்து எழுதியதே அதன் வலிமை. சாம்பார், ரசம், கூட்டு தொடங்கி ஊறுகாய், வடாம், பட்சணம் வரை ஒவ்வொன்றுக்கும் முதலில் வேண்டிய சாமான்களும் அவற்றின் அளவும், பிறகு செய்முறையும் வரிசையாக வந்தன. கல்வெட்டு அளவை மட்டும் சொன்னது. மீனாட்சி அம்மாள் அளவையும் பக்குவத்தையும் ஒரே பக்கத்தில் சேர்த்தார்.

பக்குவத்தை எழுத்தில் பிடிப்பது எளிதன்று. அதிரசப் பாகை எடுத்துக்கொண்டால், வெல்லம் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று சொல்லிவிடலாம். எப்போது இறக்குவது என்பதை நிமிடக் கணக்கில் சொல்ல முடியாது. வெல்லத்துக்கு வெல்லம், அடுப்புக்கு அடுப்பு அது மாறும். தட்டில் சிறிது தண்ணீர் ஊற்றி அதில் ஒரு சொட்டுப் பாகை விட்டு விரலால் கூட்டினால் கரையாமல் மெத்தென்று உருள வேண்டும். கரைந்தால் இன்னும் காய வேண்டும். தட்டினால் ‘டங்’ என்று ஒலித்தால் முற்றிவிட்டது. நல்ல சமையல் எழுத்து கடிகாரத்தை விட்டு இப்படிக் கண்ணையும் விரலையும் காதையும் துணைக்கு அழைக்கிறது. அடுப்பருகே நின்று சொல்பவரின் சொல்லை அது தாளுக்குக் கொண்டுவருகிறது.

1956ஆம் ஆண்டின் எடை அளவுச் சட்டத்தை அடுத்து, 1958 அக்டோபர் முதல் மெட்ரிக் எடைகள் படிப்படியாக நடைமுறைக்கு வந்தன. ஆழாக்கும் உழக்கும் பலமும் கிராமுக்கும் லிட்டருக்கும் வழிவிட்டன. கடைத்தெருவில் அளவு மாறியதும் பழைய அளவில் எழுதிய குறிப்புகளுக்குப் புதிய வாய்பாடு தேவைப்பட்டது.

இதழும் திரையும்

அடுத்துச் சமையலறைக் கருவிகள் மாறின. கோயம்புத்தூரில் 1955இல் பி. சபாபதி மின்சார ஆட்டுக்கல்லை உருவாக்கினார். 1950களின் இறுதியில் இந்தியாவில் பிரஷர் குக்கரும், 1960களில் மிக்ஸியும் வந்தன. ஆட்டுக்கல்லில் உளுந்தின் நுரை பார்த்து இறக்கியவருக்குக் கிரைண்டரில் எவ்வளவு தண்ணீர் தெளிப்பது என்பதும், பானையில் பருப்பு வேகவைத்தவருக்கு எத்தனை விசில் என்பதும் புதிய கேள்விகள். வார, மாத இதழ்களின் சமையல் குறிப்புகளும் வாசகியர் எழுதியனுப்பிய துணுக்குகளும் இவற்றுக்கு விடை சொல்லின. ஒரு வீட்டில் கண்டறிந்த சிறு உத்தி அஞ்சலில் போய் அச்சேறி மற்ற வீடுகளுக்கு வந்தது. படித்தவரே எழுதுபவராகவும் ஆனது தமிழ்ச் சமையல் எழுத்தில் நேர்ந்த பெரிய மாற்றம். ‘மங்கையர் மலர்’, 1998இல் தொடங்கிய ‘அவள் விகடன்’ போன்றவை இதை நிலையான பகுதியாக்கின. இலவச இணைப்பாக வந்த சமையல் புத்தகங்கள் எண்ணெய்க் கறையோடு அலமாரியில் சேர்ந்தன. மல்லிகா பத்ரிநாத்தின் ஒரு பொருளை எடுத்துக்கொண்டு நூறு செய்முறை தரும் நூல்களும், ரேவதி சண்முகத்தின் செட்டிநாட்டுச் சமையலும் இல்லத்தரசிகளிடம் நல்ல வரவேற்புப் பெற்றன.

1990களில் தனியார் தொலைக்காட்சிகளின் சமையல் நிகழ்ச்சிகள் செய்முறையைக் கண்ணுக்குக் காட்டின. 2018இல் புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்தில் தொடங்கிய ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’ 2021இல் ஒரு கோடிச் சந்தாதாரரைத் தொட்டது. எழுத்துக் கூட்டிப் படிக்க முடியாதவரும் இப்போது சமையல் குறிப்பின் வாசகராகிவிட்டார்.

எழுதப்படாத அடுப்புகள்

அச்சான சமையல் நூல்களின் பரப்பு நெடுங்காலம் குறுகியே இருந்தது. ‘சமைத்துப் பார்’ மரக்கறிச் சமையலை, அதிலும் ஒரு சமூகத்தின் சமையலைச் செம்மையாகப் பதிவு செய்தது. எழுத்தும் அச்சும் யாருக்கு எட்டினவோ அவர்களின் அடுப்புகளே முதலில் ஏடேறின. உழவர், மீனவர், இருளர் முதலானோரின் சமையல் நூல்களில் இடம்பெறத் தாமதமாயிற்று. ஓய்மாநாட்டின் நுளையர், எயிற்றியர், உழவர் ஆகிய மூவரின் உணவையும் அரசனின் அடிசிலோடு ஒரே பாட்டில் வைத்த நத்தத்தனாரின் பரந்த பார்வை அச்சுக்காலத்தில் சுருங்கியது என்றே சொல்ல வேண்டும். தொ. பரமசிவன் ‘அறியப்படாத தமிழகம்’ நூலில் எழுதிய உணவுக் கட்டுரைகளும், பக்தவத்சல பாரதி தொகுத்த ‘தமிழர் உணவு’ம் இக்குறையை ஆய்வுலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தவை.

செஞ்சி–பனமலைப் பகுதியே இதற்கு எடுத்துக்காட்டு. ஏரிப் பாசன நெல்லும் மானாவாரிக் கேழ்வரகும் கம்பும் விளையும் மண் இது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென்னார்க்காட்டில் பரவிய வேர்க்கடலை புதுச்சேரித் துறைமுகம் வழியே பிரான்சுக்குக் கப்பலேறியது. ஏற்றுமதிக்கு வந்த பயிர் மல்லாட்டை என்ற பெயரோடு வீட்டுச் சட்னியிலும் குழம்பிலும் கலந்துவிட்டது. ஆடி மாதக் கூழுக்கும் இங்கே நுட்பமான முறை உண்டு. கேழ்வரகு மாவை முதல்நாளே கரைத்துப் புளிக்க வைப்பார்கள். மறுநாள் நொய் குழைய வெந்ததும் அந்த மாவை ஊற்றிக் கட்டிதட்டாமல் துடுப்பால் கிண்டுவார்கள். கையை நனைத்துத் தொட்டுப் பார்த்தால் ஒட்டாமல் வர வேண்டும். அதுவே வெந்ததற்கு அடையாளம். மாவு எத்தனை நேரம் புளிக்க வேண்டும் என்பது வெயிலைப் பொறுத்தது. அதைக் கூழ் காய்ச்சும் பெண்கள் மணத்திலேயே அறிகிறார்கள்.

2011இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய விலையில்லா மிக்ஸி, கிரைண்டர் திட்டத்துக்குப் பின் சிற்றூர்களிலும் அம்மியும் ஆட்டுக்கல்லும் ஓரம் போயின. வேலை குறைந்தது பெண்களுக்குக் கிடைத்த பெரிய விடுதலை. அதே வேளையில் பழைய கருவியோடு சேர்ந்த பக்குவங்களை அறிந்த தலைமுறையும் முதுமை அடைந்துவிட்டது. பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் போய்விட்டனர். சொல்பவரும் செய்பவரும் பிரியும் நிலை இப்போது இந்தக் கிராமங்களுக்கும் வந்துள்ளது. மீனாட்சி அம்மாள் தம் குடும்பத்துக்குச் செய்ததை வட்டாரந்தோறும், சமூகந்தோறும் செய்ய வேண்டிய காலம் இது. சாமான், அளவு, பக்குவம் ஆகிய மூன்றையும் சமைப்பவரின் சொல்லிலேயே, அவர் பெயரோடு பதிவு செய்யும் நூல்களே தமிழில் சமையல் எழுத்து எட்ட வேண்டிய அடுத்த கட்டம்.