மூன்று விநாடிக் கதவு

உங்கள் வீட்டில் தொலைக்காட்சிக்குப் பின்னாலோ சப்பாத்து அலுமாரிக்கு மேலேயோ ஒரு சிறிய பெட்டி இருக்கும். இணையம் நின்றால்தான் அதன் ஞாபகம் வரும். "அந்தப் பெட்டியை ஒருக்கா நிப்பாட்டிப் போடு" என்று அம்மா சொல்வார். நீங்கள் பிளக்கை இழுத்துவிட்டு மீண்டும் செருகுவீர்கள். அதுதான் ரவுட்டர்.

அது ஒரு முழுக் கணினி என்று பலர் யோசிப்பதில்லை. அதற்குள் செயலி உண்டு, நினைவகம் உண்டு, இயங்குதளம் உண்டு. அந்த இயங்குதளம் பெரும்பாலும் லினக்ஸ். ஆனால் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய அந்தக் கணினிக்குள் என்ன ஓடவேண்டும் என்று முடிவு செய்வது யார்? நீங்களா, அதைச் செய்த நிறுவனமா? இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதில் ஒரு பக்கம் எங்கள் ஒஸ்லோவில் எழுதப்பட்டது.

நீலக் கறுப்புப் பெட்டி

1991 இல் பக்கத்து நாடான பின்லாந்தில், ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை வெளியிட்டார். அடுத்த ஆண்டு அதை ஜிபிஎல் என்ற பொது உரிமத்தின் கீழ் கொண்டுவந்தார். அந்த உரிமம் கிட்டத்தட்ட ஓர் ஒப்பந்தம் போன்றது. யாரும் லினக்ஸைப் பயன்படுத்தலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். ஒரு நிபந்தனை உண்டு: அதை மற்றவருக்குக் கொடுத்தால், அதன் மூலநிரலையும் அவருக்குக் கிடைக்கச் செய்யவேண்டும்.

2002 இன் இறுதியில் லிங்க்சிஸ் நிறுவனம் டபிள்யூஆர்டி54ஜி என்ற வீட்டு ரவுட்டரை விற்பனைக்கு விட்டது. நீலமும் கறுப்பும் கலந்த பெட்டி, பின்னால் இரண்டு அன்டெனாக்கள். 2003 இல் சிஸ்கோ லிங்க்சிஸை வாங்கியது. அதே ஆண்டு ஜூனில், அந்தப் பெட்டிக்குள் லினக்ஸ் ஓடுகிறது, ஆனால் மூலநிரல் எங்கும் வெளியிடப்படவில்லை என்பதை நிரலர்கள் கண்டுபிடித்து, லினக்ஸை உருவாக்குபவர்களிடம் சொன்னார்கள். பேச்சு பெரிதானது. சில மாதங்களுக்குள் லிங்க்சிஸ் மூலநிரலை வெளியிட்டது.

அந்தப் பெட்டியில் பிளாஷ் நினைவகம் 4 மெகாபைட், வேலை நினைவகம் 16 மெகாபைட். இன்று உங்கள் கைப்பேசியில் எடுக்கும் ஒரு படமே அந்த 4 மெகாபைட்டை நிரப்பிவிடும். அந்தச் சின்ன இடத்துக்குள் தாங்களே கட்டிய லினக்ஸைப் போட ஆட்கள் முயன்றார்கள். 2004 இன் தொடக்கத்தில் அந்த முயற்சி ஓப்பன்-டபிள்யூஆர்டி என்ற திட்டமானது. பெயரில் இருக்கும் டபிள்யூஆர்டி அந்தப் பெட்டியிலிருந்தே வந்தது. அதே ஆண்டு மே மாதம் ஜேர்மனியின் மியூனிக் நீதிமன்றம் வேறொரு நிறுவனத்தின் ரவுட்டர் தொடர்பான வழக்கில், ஜிபிஎல் நிபந்தனைகள் சட்டப்படி செல்லும் என்று தீர்ப்பளித்தது.

அதே காலத்தில் ஒஸ்லோவில்

ரவுட்டர் வழக்கில் மக்கள் பக்கம் ஓர் உரிமம் இருந்தது. உரிமம் எதுவும் இல்லாத பொருளை என்ன செய்வது? இந்தக் கேள்விதான் ஒஸ்லோ நீதிமன்றத்துக்கு வந்தது.

1999 இல் டிவிடி தட்டுகள் பூட்டோடு விற்பனையாகின. அந்தப் பூட்டைத் திறக்க அனுமதி பெற்ற கருவிகளில்தான் படம் ஓடும். கடையில் முழு விலை கொடுத்து வாங்கிய தட்டையும் லினக்ஸ் கணினியில் பார்க்கமுடியாது. அந்த ஆண்டு யொன் லெக் யொஹான்சன் என்ற 15 வயது நோர்வேப் பையன், பெயர் தெரியாத வேறு சிலரோடு சேர்ந்து, அந்தப் பூட்டைத் திறக்கும் நிரலை வெளியிட்டான். 2000 ஜனவரியில் பொருளாதாரக் குற்றப் பொலிஸான எக்கோகிரிம் அவனுடைய வீட்டைச் சோதனையிட்டது. 2002 இல் குற்றம் சாட்டப்பட்டது.

ஒஸ்லோ நீதிமன்றம் 2003 ஜனவரி 7 அன்று அவரை விடுதலை செய்தது. அரசுத் தரப்பு மேன்முறையீடு செய்தது. மேல் நீதிமன்றமும் அதே ஆண்டு டிசம்பர் 22 அன்று விடுதலை செய்தது. தீர்ப்பின் சாரம் எளிமையானது. தட்டைச் சட்டப்படி வாங்கியவருக்கு அதில் இருப்பதைப் பார்க்கும் உரிமை உண்டு. தன் பொருளைத் தான் திறப்பது அடுத்தவர் வீட்டுக்குள் புகுவது ஆகாது.

அத்தோடு எல்லாம் முடியவில்லை. 2005 இல் நோர்வேயின் பதிப்புரிமைச் சட்டம் மாற்றப்பட்டு, இப்படியான பூட்டுகளை உடைப்பது பெருமளவு தடை செய்யப்பட்டது. வாங்கிய படைப்பைப் பொருத்தமான கருவியில் சொந்தப் பாவனைக்குப் பார்ப்பதற்கு மட்டும் ஒரு விதிவிலக்கு விடப்பட்டது. ஒரு தீர்ப்பில் கிடைத்த உரிமையைப் பின்னர் வரும் சட்டம் சுருக்கலாம்.

ரவுட்டருக்கும் அப்படித்தான் நடந்தது. 2005 இன் கடைசியில் வந்த டபிள்யூஆர்டி54ஜி ஐந்தாம் பதிப்பில் நினைவகம் பாதியாகக் குறைந்தது. லினக்ஸுக்குப் பதிலாக வேறொரு இயங்குதளம் வந்தது. வெளியே பார்த்தால் அதே நீலக் கறுப்புப் பெட்டிதான். லினக்ஸ் போட விரும்பியவர்களுக்கு, பெயரின் முடிவில் ஓர் 'எல்' சேர்த்து, பழைய வடிவத்தைத் தனியாக விற்றார்கள்.

எங்கள் சமையலறை மேசை

2007 குளிர்காலத்தில் எனக்கு 16 வயது. குரூருட்டாலனில் ஒரு மாடிக் குடியிருப்பில் இருந்தோம். கோடை வேலையில் சேர்த்த காசில் அந்த 'எல்' பெட்டி ஒன்றைப் பழையதாக வாங்கினேன். ஓப்பன்-டபிள்யூஆர்டியைப் போட்டேன், நன்றாக ஓடியது. அதோடு நிறுத்தியிருக்கலாம். நானே ஒரு லினக்ஸைத் தொகுக்க ஆசைப்பட்டேன். இடம் மிச்சம் பிடிக்க, தேவையில்லை என்று நினைத்த பாகங்களை ஒவ்வொன்றாக நீக்கினேன். அதில் ஒன்று தேவையானது. பெட்டியில் ஏற்றி மீண்டும் துவக்கியபோது விளக்கு எரிந்தது, வேறு எதுவும் நடக்கவில்லை.

இப்படிச் செத்த பெட்டியைச் செங்கல் என்பார்கள். ஆனால் அதற்குள் இன்னொரு சின்ன நிரல் இருக்கிறது. மின்சாரம் வந்ததும் முதலில் விழித்து, லினக்ஸை எழுப்பிவிடுவது அதன் வேலை. சரியான அமைப்பை முன்பே போட்டிருந்தால், லினக்ஸை எழுப்பும் முன் அது சுமார் மூன்று விநாடி காத்திருக்கும். அந்த நேரத்துக்குள் 192.168.1.1 என்ற முகவரிக்குப் புதிய கோப்பை அனுப்பினால் வாங்கிக்கொள்ளும். அந்த அமைப்பை நான் போட்டிருந்தேன். நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான்.

பெட்டி விழித்திருக்கிறதா என்று பார்க்கவும் வழி உண்டு. பிங் கட்டளை அனுப்பினால் பதிலோடு டிடிஎல் என்று ஓர் எண் வரும். 64 என்றால் பேசுவது லினக்ஸ். 100 என்றால் பேசுவது அந்தத் துவக்க நிரல், கதவு திறந்திருக்கிறது. எனக்கு எந்த எண்ணும் வரவில்லை. பிளக்கை இழுத்தேன், செருகினேன், கோப்பை அனுப்பினேன். முப்பது தடவையாவது செய்திருப்பேன்.

அப்போது இரவு வேலை முடித்து மாமா வந்தார். அம்மாவின் தம்பி. 1999 இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். தேநீரோடு எனக்கு எதிரே இருந்து கொஞ்ச நேரம் பார்த்தார்.

"தம்பி, நீ அந்தப் பெட்டியை நிப்பாட்டேக்க, கொம்பியூட்டர் வயர்ல எரியிற லைட்டும் நிக்குதே, கவனிச்சனியா?"

"ஓம் மாமா. பெட்டி நிண்டா லைனும் நிக்கும்தானே."

"திரும்ப அது எரிய எவ்வளவு நேரம் செல்லுது?"

எண்ணிப் பார்த்தேன். நாலைந்து விநாடி. பெட்டியின் கதவு திறந்திருப்பது மூன்று விநாடி. என் கணினி கேபிளை உணர்ந்து தயாராகும்போது கதவு மூடியிருந்தது.

மாமா சிரித்தார். 1990 இலிருந்து சில ஆண்டுகள் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையால் பற்றரியும் இல்லை. சைக்கிள் டைனமோவில் வயர் இழுத்துத்தான் றேடியோவில் செய்தி கேட்டார்கள். அதை உங்கள் வீட்டுப் பெரியவர்களும் சொல்லியிருப்பார்கள்.

"மிதிக்கிறவன் களைச்சு நிண்டா சத்தமும் நிண்டிடும். திரும்ப மிதிச்சுச் சத்தம் வரேக்குள்ள, எங்கட ஊரைப் பற்றின செய்தி முடிஞ்சு போயிருக்கும். அதால நாங்கள் ஆள் மாத்தேக்க சில்லை நிக்க விடமாட்டம். நீயும் நடுவில நிக்காத ஒண்டை வை."

அலுமாரியில் ஐந்து துளைகள் கொண்ட ஒரு பழைய நெட்வேர்க் சுவிட்ச் கிடந்தது. கணினியை அதில் இணைத்தேன், அதிலிருந்து ரவுட்டருக்கு இன்னொரு கேபிள். இப்போது ரவுட்டரை நிறுத்தினாலும், சுவிட்ச் எரிந்துகொண்டிருப்பதால் என் கணினியின் இணைப்பு அறுபடவில்லை. பிளக்கைச் செருகினேன். டிடிஎல் 100. கோப்பு போனது. பொறுமையில்லாமல் கை பிளக்கை நோக்கிப் போனது. மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார். ஐந்து நிமிடத்துக்குப் பிறகு திரையில் 64 வந்தது.

மாமா கணினிக் கல்வி படித்தவர் அல்ல. பின்னர் நான் பொறியியலில் முதுகலை படித்தபோது பல பேராசிரியர்களிடம் பழுது பார்க்கும் முறைகளைக் கற்றேன். எது எப்போது நிற்கிறது என்று முதலில் பார்க்கவேண்டும் என்பதை அந்த மேசையில்தான் கற்றேன்.

உங்கள் முறை வரும்போது

அந்தப் பெட்டியின் கதை அதற்குப் பிறகும் தொடர்ந்தது. லிங்க்சிஸ் பொருட்களில் உரிம நிபந்தனைகள் பின்பற்றப்படவில்லை என்று 2008 டிசம்பரில் அமெரிக்காவின் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சிஸ்கோ மீது வழக்குப் போட்டது. 2009 மே மாதம் அது சமரசத்தில் முடிந்தது. 2024 இல் ஓப்பன்-டபிள்யூஆர்டி திட்டமே தனக்கென ஒரு ரவுட்டரை வெளியிட்டது. அதில் மீட்பு நிரலுக்குத் தனிச் சில்லு இருக்கிறது, ஒரு சிறு ஆளியால் அதற்கு மாறலாம். இப்போது மூன்று விநாடிக்காகப் பதற்றப்படத் தேவையில்லை.

நீங்களும் முயல விரும்பினால் சில சொற்கள். வீட்டில் ஓடும் ஒரே ரவுட்டரில் கை வைக்காதீர்கள், அம்மாவின் கோபம் எந்த நீதிமன்றத்தையும் விடப் பெரியது. நோர்வேயில் பல வீட்டு ரவுட்டர்கள் இணைய நிறுவனத்துக்குச் சொந்தமானவை. ஒப்பந்தம் முடிந்தால் திருப்பிக் கொடுக்கவேண்டும். அதனால் உங்களுக்கே சொந்தமான ஒரு பழைய பெட்டியைத் தேடுங்கள். அடியில் ஒட்டியிருக்கும் பதிப்பு எண்ணைப் பாருங்கள், ஒரே பெயரில் வேறு பெட்டி இருக்கலாம். ஏற்றும் முன் மீட்கும் வழியை ஒரு தாளில் எழுதி வையுங்கள். ஏற்றும்போது பிளக்கைத் தொடாதீர்கள்.

நிறுவனம் பாதுகாப்புப் புதுப்பிப்பை நிறுத்திய பிறகும், நல்ல மென்பொருள் இருந்தால் ஒரு பெட்டி பல ஆண்டுகள் பயன்படும். இல்லாவிட்டால் வேலை செய்யும் ஒரு கணினி குப்பைக்குப் போகும். திறந்து பார்க்கும் உரிமை இல்லாவிட்டால் இரண்டில் எது என்று நீங்கள் தீர்மானிக்கமுடியாது.

அந்த நீலக் கறுப்புப் பெட்டி இன்னும் என்னிடம் இருக்கிறது. இன்றைய வேகத்துக்கு அது போதாது, புதிய ஓப்பன்-டபிள்யூஆர்டியும் அதன் நினைவகத்துக்குள் அடங்காது. இணையத்தோடு இணைக்காமல், வருடத்தில் ஒருமுறை பிளக்கைச் செருகிப் பார்ப்பேன். மாமா வீட்டுக்கு வந்தால் இன்றும் கேட்பார்: "எங்கட செங்கல் இன்னும் கதைக்குதோ?"

கதைக்கிறது மாமா. 64 என்றுதான் சொல்கிறது.