பந்தோபஸ்து: பரமக்குடியின் செப்டம்பர்



ராமநாதபுரம் சீமையில் ‘காவல்’ என்பது பழைய சொல். பாளையக்காரர் காலத்தில் ஊர்க்காவல் சில சாதிகளின் உரிமை. அதற்கான கூலியை விளைச்சலிலிருந்து அளப்பது மற்றவர்களின் கடமை. வெள்ளைக்காரன் அந்த உரிமையைப் பறித்துத் தன் போலீசிடம் கொடுத்தான். கை மாறியதே தவிர, நம் தெருக்கள் காக்கப்படும் தெருக்களாக மாறவில்லை. கண்காணிக்கப்படும் தெருக்களாகவே நின்றன. பரமக்குடி என்ற ஒரு சிறு நகரத்தை வைத்து இதைப் பேச நினைக்கிறோம்.

1957 ஜூலையில் முதுகுளத்தூர் இடைத்தேர்தல் நடந்தது. அதைத் தொட்டு ஊருக்கு ஊர் மோதல். செப்டம்பர் 10ஆம் தேதி மாவட்ட ஆட்சியர் முதுகுளத்தூரில் அமைதிக் கூட்டம் கூட்டினார். தேவேந்திரர்கள் தரப்பில் போய் உட்கார்ந்தவர் இமானுவேல் சேகரன். ராணுவத்தில் இருந்து வந்தவர், வயது 32. எல்லோரும் ஒரே அறிக்கையில் கையெழுத்திடுவது என்ற யோசனை அங்கே நிறைவேறவில்லை. தனித்தனியாகத்தான் கையெழுத்து வாங்கினார்கள். சமமாக உட்கார்வதுதான் அன்று தகராறு. மறுநாள் இரவு பரமக்குடியில் அவர் வெட்டிக் கொல்லப்பட்டார். மேசைக்கு அழைத்த அரசால், வந்தவரை ஒரு நாள்கூட உயிரோடு வைத்திருக்க முடியவில்லை. இந்த நகரத்தின் பாதுகாப்பு வரலாற்றை நாம் அந்த இரவிலிருந்துதான் எண்ண வேண்டும். வழக்கில் முத்துராமலிங்கத் தேவர் 1959இல் விடுதலையானார்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். செப்டம்பர் 14 அன்று கீழத்தூவலில் போலீஸ் ஐந்து மறவர்களைச் சுட்டுக் கொன்றது. அதைக் கேட்டு ‘சரிதான்’ என்றவர்கள் நம்மிலும் உண்டு. விசாரணை இல்லாமல் சுடும் துப்பாக்கி ஒரு பக்கம் மட்டும் நீளும் என்று நம்பியது நம் பிழை.

2011 செப்டம்பர் 11. இரண்டு நாள் முன்பு பள்ளப்பச்சேரியைச் சேர்ந்த ஒரு பள்ளி மாணவன் கொல்லப்பட்டிருந்தான். ஜான் பாண்டியன் மாவட்டத்துக்குள் நுழையத் தடை விதித்து, வழியில் வல்லநாட்டில் கைது செய்தார்கள். செய்தி எட்டியதும் ஐந்துமுனைச் சாலையில் மறியல். அஞ்சலி செலுத்த வந்த கூட்டமும் மறியல் கூட்டமும் ஒரே சாலையில் கலந்து நின்றன. தடியடி, கல்வீச்சு, துப்பாக்கிச் சூடு. ஆறு பேர் செத்தார்கள். நீதிபதி சம்பத் ஆணையம் பின்னர் துப்பாக்கிச் சூட்டை நியாயப்படுத்தியது.

அதற்குப் பிறகு வந்ததுதான் இன்று நாம் காணும் செப்டம்பர். தடை உத்தரவு, சோதனைச் சாவடிகள், குறிக்கப்பட்ட வழித்தடம், ஒவ்வோர் ஊருக்கும் ஒதுக்கப்பட்ட நேரம், மூடிய கடைகள், தலைக்கு மேலே டிரோன். அக்டோபர் 30 பசும்பொன்னையும் சேர்த்தே உத்தரவு போடுகிறோம், இரண்டு பக்கத்துக்கும் ஒரே விதிதான் என்கிறார்கள். காகிதத்தில் அது உண்மை. ஆனால் அங்கே நடப்பது நெடுங்காலமாக அரசு விழா. 2014இல் சிலைக்கு 13 கிலோ தங்கக் கவசமும் வந்தது. இங்கே அண்மைக்காலம் வரை, சொந்தச் செலவில் வந்து வரிசையில் நின்று போகும் கூட்டம்.

விதிகளில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். வாடகை வாகனத்தில் வரக் கூடாது, சொந்த வாகனத்தில் வரலாம். எழுதியவருக்கு இது சாதாரண ஒழுங்கு நடவடிக்கை. கார் வைத்திருப்பவர் யார்? எங்கள் ஊரில் களையெடுக்கும் பெண்கள் ஆளுக்கு நூறு, இருநூறு போட்டு வேன் பிடிப்பார்கள். மடியில் முளைப்பாரி, பால்குடம், மொட்டை போடப்போகும் பேரப்பிள்ளை. அவர்களுக்கு அது அரசியல் கூட்டம் மட்டுமல்ல, குலசாமி வீட்டுக்குப் போவது போல. அந்த வேன் நின்றதும் அவர்களும் நின்றுவிட்டார்கள். மிஞ்சியது பைக்கும் காரும் உள்ள இளைஞர்கள். பிறகு ‘வாலிபக் கூட்டம், பதற்றம்’ என்று அதே கூட்டத்தைக் காட்டி அடுத்த ஆண்டு பந்தோபஸ்தைக் கூட்டுகிறார்கள். பெண்களும் கிழவிகளும் இருக்கும் கூட்டத்தில் எவனும் சட்டையைக் கழற்றிச் சுழற்ற மாட்டான். வேனுக்குள்ளேயே அத்தை திட்டிவிடுவாள். ஊர் தானே வைத்திருந்த காவல் அது. அதை எடுத்துவிட்டுத்தான் இரும்புத் தடுப்பு வைத்திருக்கிறார்கள்.

நாங்களும் இதற்குப் பழகிவிட்டோம். தொண்டர்களுக்கு ஒரே நிறச் சட்டை, கழுத்தில் அட்டை. சாவடியில் பெயர், ஊர், வண்டி எண் எழுதிக் கொடுக்கும்போது, எதற்கு என்று கேட்பதை எப்போது நிறுத்தினோம் என்று எங்களுக்கே நினைவில்லை. ஒரு முறை இளம் காவலர் ஒருவர் ‘எத்தனை பேர், என்ன ஆளுங்க’ என்று கேட்டார். எத்தனை பேர் என்பதற்கு மட்டும் பதில் சொன்னோம். அரை மணி நேரம் ஓரமாக நிறுத்தி வைத்தார்கள்.

போன ஆண்டு எங்கள் ஊரிலிருந்து ஒன்பது பேர் போனோம், எல்லோரும் ஆண்கள். இந்த ஆண்டு பெண்களுக்கு ஒரு வாடகை வேன் அனுமதி கேட்டு மனு எழுதியிருக்கிறோம். எழுதியதை வாசித்துக் காட்டச் சொன்ன ஒரு பாட்டி, ‘முளைப்பாரி எத்தனைன்னு அதுல போடலியா?’ என்றார். பன்னிரண்டு என்று ஓரத்தில் சேர்த்தோம்.