ஓக்லாந்தில் பிறந்த கற்பனைக் காற்பந்து

காற்பந்து என்றவுடன் இந்நாட்டு வாசகர்தம் மனக்கண்முன் தோன்றுவது காலால் உதைத்தாடும் உருண்டைப் பந்தே ஆகும். அமெரிக்க ஐக்கிய நாட்டிலோ அச்சொல் குறிக்கும் ஆட்டம் வேறு. அங்கே பந்து இருமுனையும் கூம்பியது. பெரும்பாலும் கையால் ஏந்தி ஓடவும் எறியவும் படுவது. எதிர்த்தரப்பின் எல்லைக்கோட்டைக் கடந்து பந்தைக் கொண்டு சேர்த்தால் ஆறு புள்ளிகள். அதனை டச்டவுன் என்பர். இரு கம்பங்களுக்கிடையே உதைத்துச் செலுத்தினால் மூன்று புள்ளிகள். ஆட்டத்தை நடத்திச் செல்பவர், பந்தை எறியும் பொறுப்புடைய குவார்ட்டர்பேக் என்பவர். இவ்வளவு தெரிந்திருந்தால் இக்கட்டுரைக்குப் போதும். இவ்வாட்டத்தைத் தொழிலாகக் கொண்ட வீரர்களின் பெயர்களைத் தாளில் எழுதிவைத்துக்கொண்டு, திடலில் கால்வையாத நண்பர் சிலர் தமக்குள் ஆடத் தொடங்கிய மற்றோர் ஆட்டமே கற்பனைக் காற்பந்து. அதன் பிறப்பிடம் கலிபோர்னியா மாநிலத்து ஓக்லாந்து நகரம். பிறந்த ஆண்டு 1962.

அவ்வாண்டில் அந்நகரின் நிலை எத்தகையது என்பதை முதற்கண் நோக்குதல் வேண்டும். தொழில்முறைக் காற்பந்தைப் பல்லாண்டுகளாகத் தன் கைக்குள் வைத்திருந்த பழைய லீக்கிற்குப் போட்டியாக, 1960-இல் எட்டுக் குழுக்களைக் கொண்டு அமெரிக்கன் காற்பந்து லீக் தொடங்கப்பெற்றது. அவ்வெட்டில் இறுதியாக இடம்பெற்றது ஓக்லாந்தின் ரெய்டர்ஸ் குழு. அதற்குச் சொந்த ஊரிலே ஆடுவதற்குத் திடலும் இல்லை. முதல் ஈராண்டுகள் வளைகுடாவுக்கு அப்பாலுள்ள சான் பிரான்சிஸ்கோவில் இரவல் திடல்களில் ஆடியது. 1962-இல்தான் ஓக்லாந்தில் ஏறத்தாழ 22,000 பேர் அமரக்கூடிய ஒரு தற்காலிகத் திடல் எழுந்தது. அதற்கு நகரமன்ற உறுப்பினர் ஃபிராங்க் யூவெல் என்பவரின் பெயரைச் சூட்டினர். அவர் ஈமச் சடங்கு நிலையம் நடத்தியவர். அவ்வாண்டு ரெய்டர்ஸ் ஆடிய ஆட்டத்திற்கு அப்பெயர் பொருந்தியதே என நகரத்தார் நகையாடியிருப்பின் அதில் வியப்பில்லை. பதினான்கு ஆட்டங்களுள் முதல் பதின்மூன்றிலும் தோல்வி. டிசம்பர் மாதத்துக் கடைசி ஆட்டத்தில் பாஸ்டன் குழுவை 20-0 என வென்றதே அவ்வாண்டின் ஒரே வெற்றி.

அத்தோல்விப் பருவத்தின் நடுவே, கிழக்குக் கரை நகரங்களுக்குச் சென்ற நெடும் பயணமொன்றில், நியூயார்க் விடுதியொன்றில் மூவர் கூடிப் பேசினர். ஒருவர் பில் விங்கன்பாக், ஓக்லாந்து வணிகர், ரெய்டர்ஸ் குழுவில் சிறு பங்குடையவர். மற்றவர் குழுவின் செய்தித் தொடர்பாளர் பில் டனல். மூன்றாமவர் ‘ஓக்லாந்து டிரிபியூன்’ நாளேட்டின் நிருபர் ஸ்காட்டி ஸ்டர்லிங். தம் குழு வெல்லும் என்ற நம்பிக்கை அற்றுப்போன நிலையில், காற்பந்தின் மீதிருந்த ஆர்வத்தை மட்டும் எவ்வாறு காத்துக்கொள்வது? விங்கன்பாக்கிடம் அதற்கு ஒரு விடை முன்பே இருந்தது. 1950-களிலேயே அவர் கோல்ஃப் ஆட்டத்தில் ஒரு முறையை வகுத்திருந்தார். நண்பர் ஒவ்வொருவரும் தொழில்முறை கோல்ஃப் வீரர் சிலரைத் தமக்கெனத் தேர்ந்துகொள்வர். அவ்வீரர்களின் அடிகளைக் கூட்டிக் குறைந்த தொகை பெற்றவர் வென்றவராவார். அதே கருத்தைக் காற்பந்துக்கு மாற்றுவதே அன்றிரவு நடைபெற்ற வேலை. ஒரு குழு தோற்றாலும் அதிலுள்ள வீரன் ஒருவன் நன்றாக ஆடக்கூடும் அன்றோ? தோல்வியால் வாடிய குழுவொன்றின் நிழலில் இக்கருத்து முளைத்தது தற்செயல் அன்று எனலாம்.

ஊர் திரும்பிய பின்னர் டிரிபியூன் இதழின் விளையாட்டுப் பகுதி ஆசிரியர் ஜார்ஜ் ராஸ் முதலியோரும் சேர்ந்துகொள்ள, விதிகள் வரையப்பெற்றன. சங்கத்திற்கு அவர்கள் இட்ட பெயர் நீளமானது. தமிழில் ‘பேரோக்லாந்துத் தொழில்முறைப் பன்றித்தோல் ஆரூடக்காரர் லீக்’ என்று கூறலாம். அமெரிக்கர் தம் காற்பந்தைப் பன்றித்தோல் என்று செல்லமாக அழைப்பது வழக்கம். பந்து உண்மையில் மாட்டுத்தோலால் ஆனது. பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து ஜி.ஓ.பி.பி.பி.எல். எனச் சுருக்கினர். பெயரில் விளையாட்டுத்தனம் இருந்தாலும் விதிகளில் இல்லை.

உறுப்பினராவதற்கே தகுதி வேண்டும். அமெரிக்கன் லீக்கின் நிர்வாகத்தோடு தொடர்புடையவராயிருத்தல், தொழில்முறைக் காற்பந்தைப் பற்றி எழுதும் இதழாளராயிருத்தல், அல்லது 1963-ஆம் ஆண்டுக்கான ரெய்டர்ஸ் பருவச் சீட்டுகள் பத்தினை வாங்கியோ விற்றோ இருத்தல் என்னும் மூன்றனுள் ஒன்றேனும் பொருந்த வேண்டும். மூன்றாவது தகுதி சிந்திக்கத்தக்கது. வெறிச்சோடிய திடலை நிரப்ப வேண்டிய கவலை, ஒரு பொழுதுபோக்கின் விதிக்குள்ளும் புகுந்துகொண்டது!

குழுக்கள் எட்டு. ஒவ்வொன்றுக்கும் வீரர் இருபதின்மர். அவர்களை விரும்பியவாறு அள்ளிக்கொள்ளுதல் இயலாது. பந்தைப் பிடிக்கும் முனையாட்டக்காரர் நால்வர், அரைப்பின்னிலை ஓட்டக்காரர் நால்வர், முழுப்பின்னிலை ஓட்டக்காரர் இருவர், குவார்ட்டர்பேக் இருவர், உதைத்த பந்தைத் திருப்பிக் கொணர்வோர் இருவர், கம்பங்களுக்கிடையே உதைப்போர் இருவர், பின்வரிசைத் தடுப்பாளர் இருவர், முன்வரிசைத் தடுப்பாளர் இருவர் என வகுத்துவைத்தனர். தேர்வு நாளில் அனைவரும் ஓரிடத்தில் கூடி, முறைவைத்து ஒருவர்பின் ஒருவராகப் பெயர் சொல்ல வேண்டும். ஒருவர் எடுத்த வீரனை மற்றவர் எடுத்தல் ஆகாது. எட்டுப் பேர் இருபது சுற்று என நூற்றறுபது பெயர்கள். நட்சத்திர வீரர்களின் பெயர்கள் முதற்சில சுற்றுகளிலேயே தீர்ந்துவிடும். அதன்பின் யாரும் கேள்வியுறாத ஒரு தடுப்பாளனின் திறமையை அறிந்தவனே வல்லவன். இதழாளரும் குழு அலுவலரும் உறுப்பினராக இருந்த சங்கத்தில் இது உண்மையான அறிவுப் போட்டியாகவே அமைந்தது.

கணக்கு வைக்கும் முறையோ எளிது. வீரன் எத்தனை கெஜம் ஓடினான் என்பதற்கு மதிப்பில்லை. புள்ளி சேர்த்தானா என்பதே கேள்வி. டச்டவுனுக்கும் உதைத்துப் பெற்ற புள்ளிக்கும் கால் டாலர், அரை டாலர் என்ற அளவில் சிறு காசே விலை. அரிதாக நிகழும் செயலுக்கு, சான்றாகத் தடுப்பாளன் ஒருவன் பந்தைப் பறித்துச் சென்று எல்லையைக் கடப்பதற்கு, விலை கூடுதல். வாரந்தோறும் ஆட்டங்கள் முடிந்தபின் நாளேடுகளில் வரும் விவரப் பட்டியலைப் பரப்பிவைத்துக்கொண்டு, பென்சிலால் குறித்துக் கூட்டுவர். கணிப்பொறி எவர் வீட்டிலும் இல்லாத காலம் அது. ஒரு பெயர் விடுபட்டாலும் சண்டை எழும். ஆகவே கணக்கு வைப்பவரின் நேர்மையின் மீதே முழுச் சங்கமும் நின்றது.

வென்றவருக்குக் கிடைத்ததைக் காட்டிலும் இறுதியாக வந்தவருக்குக் கிடைத்ததே புகழ்பெற்றது. மரத்தால் செதுக்கிய காற்பந்து வடிவ முகமொன்று. அதன் தலையில், பழங்காலத்து மேலைநாட்டுப் பள்ளிகளில் மக்கு மாணவனுக்கு அணிவித்த கூம்புத் தொப்பி. தோற்றவர் அடுத்த பருவம் வரும்வரை அதனைத் தம் இல்லத்துக் கூடத்தில் வருவோர் காண வைத்திருத்தல் வேண்டும். பள்ளிகள் அத்தொப்பியைக் கைவிட்டது நன்றே. ஆனால் வளர்ந்தவர் தமக்குத் தாமே அணிந்துகொண்டபோது அது எவரையும் புண்படுத்தியதாகத் தெரியவில்லை.

முதல் தேர்வு 1963 ஆகஸ்டு மாதத்தில் விங்கன்பாக் இல்லத்தின் அடித்தளத்தில் நிகழ்ந்தது. முதற்பெயரைச் சொல்லும் வாய்ப்புப் பெற்றவர் ஆண்டி மூசலிமாஸ். கிரேக்க வழிவந்த ஓக்லாந்துக்காரர். அவர் சொன்ன பெயர் ஹூஸ்டன் குழுவின் ஜார்ஜ் பிளாண்டா. கற்பனைக் காற்பந்தின் வரலாற்றில் முதன்முதலாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட வீரர் அவரே. இரண்டாவதாகச் சென்ற பெயர் கிளீவ்லாந்து குழுவின் ஜிம் பிரௌன். பிரௌன் அவ்வாண்டு ஓடிய தூரம் 1,863 கெஜம். அதுவரை எவரும் ஓடாத தூரம். இதனால் மூசலிமாஸின் தேர்வைப் பிழையென்று பிற்காலத்தார் எள்ளியதுண்டு. விதியை ஊன்றி நோக்குவோர் அவ்வாறு கூறார். பிளாண்டா பந்தை எறிபவர் மட்டுமல்லர், உதைப்பவரும் அவரே. 1961-இல் 36 டச்டவுன்களுக்குப் பந்து எறிந்தவர். 1963-லும் 24 எறிந்தார். பிரௌன் சேர்த்த டச்டவுன்கள் பதினைந்து. ஓடிய தூரத்துக்கு விலையில்லாத விதியின்கீழ், இரு வழியில் புள்ளி ஈட்டும் ஒருவரை முதலில் எடுத்தது அறியாமை ஆகாது. பின்னர் 1967-இல் அதே பிளாண்டா ரெய்டர்ஸ் குழுவில் வந்து சேர்ந்து, 1975 வரை, தமது 48-ஆம் வயதுவரை ஆடினார்.

அதே 1963-இல் ஆல் டேவிஸ் என்பவர் பயிற்றுநராகப் பொறுப்பேற்க, ரெய்டர்ஸ் பத்து ஆட்டங்களில் வென்றது. துன்பத்தை மறக்கக் கண்ட மருந்து, துன்பம் நீங்கிய பின்னும் கைவிடப்படவில்லை.

சங்கத்தில் இடம்பெற விரும்பியோர் பெருகினர். ஆனால் எட்டுக் குழு என்ற எல்லையைத் தளர்த்த நண்பர்கள் விரும்பவில்லை. 1968-இல் மூசலிமாஸ் ஓக்லாந்தில் ‘கிங்ஸ் எக்ஸ்’ என்னும் மதுக்கூடத்தைத் திறந்தார். மறு ஆண்டில் அங்கு வருவோருக்கென ஒரு லீக் தொடங்கினார். பழைய சங்கம் வாயிற்காவல் வைத்திருந்தது; இங்கோ கதவு எவர்க்கும் திறந்திருந்தது. பெண்களுக்கெனவும் ஒரு பிரிவு ஏற்பட்டது. ஓடிய தூரத்துக்கும் மதிப்பளிக்கும் முறை 1970-களின் தொடக்கத்தில் இங்கேதான் புகுந்தது. டச்டவுன் மட்டுமே கணக்கானால் நற்பேறு பெரும்பங்கு வகிக்கும்; தூரத்தையும் எண்ணினால் உழைத்த வீரனுக்குப் பயன் கிட்டும் என்பது அதன் நியாயம். விதி மாறியதும் பிரௌன் போன்ற வீரர்களின் மதிப்பே முன்னுக்கு வந்தது என்பதைக் கூறவும் வேண்டுமோ?

இதே காலத்தில் பேஸ்பால் ஆட்டத்திலும் இணையான ஒரு கிளை தனியே வளர்ந்துவந்தது. 1960-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துச் சமூகவியலாளர் வில்லியம் காம்சன் தம் நண்பர்களோடு ‘பேஸ்பால் கருத்தரங்கு’ என்ற பெயரில் ஓர் ஆட்டம் நடத்தினார். கருத்தரங்கு என்றால் சூதாட்டம் என்று எவர் ஐயுறப்போகின்றனர்! அவர் மிச்சிகன் பல்கலைக்கழகம் சென்றபோது ஆட்டமும் உடன் சென்றது. அங்கே பேராசிரியர் ராபர்ட் ஸ்கிலார் வழியாக அதனைக் கேள்வியுற்ற மாணவர் டேனியல் ஓக்ரென்ட், பின்னாளில் நியூயார்க் உணவகமொன்றில் நண்பர்களைக் கூட்டி, அவ்வுணவகத்தின் பெயராலேயே 1980-இல் ரோட்டிசரி லீக்கைத் தொடங்கினார். இதழாளர்கள் அதில் மிகுந்திருந்தமையால் செய்தி நாடெங்கும் பரவியது. ஓக்லாந்துக்காரர்க்கு அத்தகைய விளம்பரம் வாய்க்கவில்லை.

இணையம் வந்தபின் நேர்ந்தவை பலரும் அறிந்தவையே. பென்சில் கணக்கைக் கணினி எடுத்துக்கொண்டது, கோடிக்கணக்கானோர் ஆடலாயினர். இங்கிலாந்தில் உருண்டைப் பந்துக்கு ஏற்ப 1991 முதல் இவ்வாட்டம் பரவி, 2002-இல் பிரிமியர் லீக் தானே ஒன்றைத் தொடங்கியது. நம் நாட்டு இளைஞர் அறிந்தது இதுவே. பணம் பெருகவே வழக்கும் எழுந்தது. வீரர்தம் பெயரும் புள்ளி விவரமும் யாருக்குச் சொந்தம்? பேஸ்பால் அமைப்பு அவை தமக்கே உரியன என்றது. 2007-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், அவை பொதுவெளியில் உள்ள செய்திகள், அவற்றைப் பயன்படுத்துவது பேச்சுரிமையின்பாற்படும் எனத் தீர்த்தது. ஓராண்டு முன்னர், இணையச் சூதாட்டப் பணமாற்றத்தைத் தடுக்க வந்த சட்டம் கற்பனை விளையாட்டுக்கு விலக்கு அளித்திருந்தது. திறமையே இதில் மேலோங்குகிறது என்பது அதற்குக் கூறிய காரணம். ஆண்டு முழுதும் காத்திருந்து ஆடிய நண்பர்களுக்கு அக்காரணம் பொருந்தும். ஒரே நாளில் பணம் கட்டி ஒரே நாளில் முடிவறியும் புதிய நிறுவனங்கள் 2009 முதல் அவ்விலக்கின் நிழலில் வளர்ந்தன. 2015-இல் நியூயார்க் மாநிலத் தலைமை வழக்கறிஞர் அவற்றைச் சூதாட்டம் என்றே கூறித் தடுக்க முற்பட்டார். அடுத்த ஆண்டே மாநிலம் புதுச்சட்டம் இயற்றி இசைவளித்தது. அரை டாலருக்கு ஆடியவர் எவரும் முகமறியாதவரோடு ஆடவில்லை. இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பது சட்டத்திற்கு எளிது, வரலாற்றுக்கு அன்று.

விங்கன்பாக் தம் கண்டுபிடிப்புக்கு உரிமை கோரியதும் இல்லை. அதனால் பொருள் ஈட்டியதும் இல்லை. 1993-இல் அவர் மறைந்தார். ஸ்டர்லிங் ரெய்டர்ஸ் குழுவின் பொது மேலாளராக உயர்ந்து, பிறகு கூடைப்பந்துத் துறைக்குச் சென்றார். 1982-இல் ரெய்டர்ஸ் லாஸ் ஏஞ்சலிசுக்குக் குடிபெயர்ந்தது, 1995-இல் திரும்பியது, 2020-இல் லாஸ் வேகாசுக்கு மீண்டும் சென்றுவிட்டது. ஓக்லாந்து டிரிபியூன் 2016-இல் தனி நாளேடாக வெளிவருவது நின்றது. சங்கமோ எக்குழுவையும் நம்பி நிற்கவில்லை. எல்லாக் குழுவிலிருந்தும் வீரரை எடுத்தாடும் அதற்கு, ஊர்க்குழு இல்லாமையும் ஒரு குறையன்று. முதல் தேர்வு நிகழ்ந்து அரை நூற்றாண்டு கடந்த பின்னும், ஆகஸ்டு தோறும் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து பெயர் சொல்லும் வழக்கம் அங்கே தொடர்ந்தது.