மறவோனுக்கு வயது 14

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் நண்பர்கள் மூவர் தருமபுரி மாவட்டத்தின் பென்னாகரம் பக்கம் சென்றிருந்தோம். புறப்பட்டது நடுகல் ஒன்றைப் பார்க்க. வழியில் ஒரு பள்ளி மைதானத்தில் சுண்ணாம்புக் கோடுகளும் ஒலிபெருக்கிச் சத்தமும் தென்படவே வண்டியை நிறுத்தினோம். குறுவட்ட அளவிலான தடகளப் போட்டி. வேப்பமர நிழலில் ஒரு மேசை. மேசை நிறையக் கோப்புகள். அவற்றுக்குப் பின்னே தலை நிமிர நேரமில்லாத உடற்கல்வி ஆசிரியர்கள். ஓட்டத்தை விடவும் அந்த மேசையைச் சுற்றித்தான் கூட்டம் அதிகமாக இருந்தது.

மேசைக்கு முன்னால் ஒரு பையன் நின்றிருந்தான். 14 வயதுக்குட்பட்டோருக்கான 600 மீட்டர் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்தவன். பள்ளிப் பதிவேட்டில் அவன் பிறந்த நாள் ஜூன் 2. ஆதார் அட்டையில் ஜனவரி 1. இரண்டுக்கும் இடையே ஓராண்டுக்கு மேல் வித்தியாசம். முதலாவதை நம்பினால் ஓடலாம். இரண்டாவதை நம்பினால் ஓடக் கூடாது. அந்த இரண்டு தேதிகளையும் பார்த்தபோது, அவை மனிதர்கள் பிறக்கும் தேதிகளாக எமக்குத் தோன்றவில்லை; அலுவலகங்கள் ஏற்படுத்திக்கொள்ளும் தேதிகளாகவே தோன்றின.

"போன வருசம் உட்டீங்களே சார்?" என்றான் பையன்.

"போன வருசம் ஆதார் கேக்கல தம்பி" என்றார் ஆசிரியர். அவர் குரலில் கடுமை இல்லை. மார்பில் குத்தியிருந்த எண்ணை அவரே கழற்றி வாங்கிக்கொண்டார்.

நடுகல் பார்க்கும் எண்ணம் எமக்கு அப்போதே பாதி போய்விட்டது. பள்ளி விளையாட்டில் "தகுதி" என்று சொல்கிறோமே, அது எங்கிருந்து வந்தது, எதன்மேல் நிற்கிறது என்று அன்றிலிருந்து தேடிப் படித்தவற்றையே இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

விதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பு 1954-இல் தோன்றியது. அதன் போட்டிகள் 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் என்று மூன்றாகப் பிரிகின்றன. தமிழகத்தில் இவற்றை இளையோர், மூத்தோர், மிக மூத்தோர் என்கிறார்கள். குறுவட்டம், வருவாய் மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாக மேலேற வேண்டும். குடியரசு தின விளையாட்டுகள், பாரதியார் தின விளையாட்டுகள் என்ற பெயர்கள் நம் வாசகர்களில் ஓடியவர்களுக்கும், ஓடியவர்களுக்குக் கைதட்டியவர்களுக்கும் நினைவிருக்கும். வயது கணக்கிடப்படுவது அந்த ஆண்டின் இறுதி நாளை வைத்து. போட்டியிடுபவர் அந்தப் பள்ளியில் உண்மையாகவே படித்துக்கொண்டிருக்க வேண்டும்; தலைமை ஆசிரியர் அதற்குச் சான்று தர வேண்டும். இவ்வளவுதான்.

வயதை வகுப்பாகப் பிரிக்கும் வழக்கம் நமக்குப் புதிதன்று. பாட்டியல் நூல்கள் இதை எப்போதோ செய்துவிட்டன. பேதை முதல் பேரிளம்பெண் வரையிலான எழுவரை உலா இலக்கியம் படித்தவர்கள் அறிவார்கள். மங்கைக்கு எல்லை 13, மடந்தைக்கு 19. ஆடவருக்கும் அப்படியே பாலன், மீளி, மறவோன், திறலோன், காளை, விடலை, முதுமகன் என்று ஏழு பருவங்கள் உண்டு. இதில் மறவோனுக்கு எல்லை 14! இளையோர் பிரிவின் எல்லையும் 14 என்பது தற்செயல்தான்; அதை வைத்துப் பழம்பெருமை பேசும் எண்ணம் எமக்கு இல்லை. ஆனால் ஒரு வேறுபாடு முக்கியம். பாட்டியலார் மறவோனிடம் பிறப்புச் சான்று கேட்கவில்லை. கவிஞன் கண்ணுக்கு அவன் மறவோனாகத் தெரிந்தால் போதும்.

உடலைப் பார்த்தே பிரித்துவிடலாம் என்ற எண்ணம் நவீன உடற்கல்வியிலும் இருந்தது. ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் 1920-இல் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியிலிருந்து வெளியேறிய ஆசிரியர்கள்தாம் தென்னாட்டுப் பள்ளிகளில் விசிலும் அட்டவணையும் ஆகிய இரண்டையும் கொண்டு சேர்த்தவர்கள். பக் போலவே ஒய்.எம்.சி.ஏ. பணிக்காகச் சீனாவில் பல்லாண்டுகள் இருந்த இன்னொரு அமெரிக்கர் சார்லஸ் மெக்லாய். அவர் 1930-களில் வகுத்த கணக்கு ஒன்றை நம் உடற்கல்வியியல் மாணவர்கள் இன்றும் மனப்பாடம் செய்கிறார்கள். உயர்நிலைப் பள்ளி மாணவனின் வயதை 20-ஆல் பெருக்கு. அங்குலத்தில் உயரத்தை 6-ஆல் பெருக்கு. பவுண்டில் எடையைக் கூட்டு. 14 வயது, 60 அங்குலம், 85 பவுண்டு உள்ள பையனுக்கு 280, 360, 85 ஆக 725 வரும். ஏறத்தாழ ஒரே எண் வருபவர்கள் ஒருவரோடு ஒருவர் மோதலாம். சின்னஞ்சிறுவனைப் பெரிய உடம்புக்காரன் மிதித்துவிடக் கூடாது என்ற நியாயமான கவலைதான் இதன் வேர். வயதுப் பிரிவின் வேரும் அதுவே.

மெக்லாயின் கணக்கில் வயது மூன்றில் ஒரு பங்குதான். அது தவறாக இருந்தாலும் அளவுநாடாவும் தராசும் ஓரளவுக்குத் திருத்திவிடும். ஆனால் ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்கு இடையே போட்டி நடத்தும்போது ஒவ்வொரு பிள்ளையையும் நிறுத்தி அளக்க முடியுமா? பிறந்த தேதி என்ற ஒற்றை எண் வசதியாக இருந்தது, அதுவே நிலைத்துவிட்டது. அந்த எண் எல்லோரிடமும் இருக்கிறது என்று வைத்துக்கொண்டதில்தான் சிக்கல்.

சென்னை மாகாணத்தில் பிறப்பு இறப்புப் பதிவுக்கென்று 1899-லேயே ஒரு சட்டம் வந்தது. விடுதலைக்குப் பின் 1969-இல் நாடு முழுமைக்குமான சட்டம் வந்தது. தருமபுரி அப்போது நான்கு வயது மாவட்டம். சேலத்திலிருந்து 1965 அக்டோபர் 2-இல் பிரிந்தது. (கிருஷ்ணகிரி இதிலிருந்து பிரிந்தது 2004-இல். மாவட்டங்களுக்கு மட்டும் பிறந்த தேதி எவ்வளவு துல்லியமாக இருக்கிறது!) பரம்பரைக் கிராம அதிகாரிகள் பதவி 1980 நவம்பரில் ஒழிக்கப்பட்டு, கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். சட்டத்துக்குக் குறைவில்லை. ஆனால் வத்தல்மலையிலும் சித்தேரி மலையிலும் வீட்டுத் திண்ணையில் மருத்துவச்சி கையால் பிறந்த குழந்தைக்காக, மலையிறங்கி வந்து பேரேட்டில் வரி எழுதச் சொல்ல யாருக்கு அவகாசம்? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழகத்திலேயே எழுத்தறிவு மிகக் குறைந்த மாவட்டம் தருமபுரிதான். பெண் குழந்தைகளைப் பற்றிச் சொல்லவே கை தயங்குகிறது. 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-இல் இந்த மாவட்டத்துக்கும் விரிவாக்கப்பட்டது. எதற்காக என்பதை வாசகர்கள் அறிவார்கள். பிறந்ததையே மறைக்க நேர்ந்த வீடுகள் இருந்த மண்ணில், பிறந்த தேதியைக் கேட்பது எளிய கேள்வி அன்று.

ஆகவே பலருக்கும் பிறந்த தேதியை வழங்கியது பள்ளிக்கூடம். வலக்கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடக்காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டுவிட்டால் ஐந்து வயது. எங்களில் ஒருவர் இந்தத் தேர்வில் முதல் ஆண்டு தோற்று மறு ஆண்டு வென்றவர். ஜூலைக்குள் ஐந்து நிரம்பியிருக்க வேண்டும் என்பதால், காதைத் தொட்ட பிள்ளைக்குத் தலைமை ஆசிரியர் மே மாதத்திலோ ஜூன் மாதத்திலோ ஒரு தேதியைப் போட்டுவிடுவார். தமிழ்நாட்டில் ஒரு தலைமுறையே கோடை விடுமுறையில் பிறந்ததன் காரணம் இதுதான். அந்த ஆசிரியர்கள் மோசடி செய்தவர்கள் அல்லர். பிள்ளை படிக்கட்டும் என்று கருணையோடு எழுதியவர்கள். அந்தக் கருணைதான் எட்டு ஆண்டுகள் கழித்து மைதானத்து மேசைக்கு முன் அவன் கழுத்தைப் பிடிக்கிறது.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. சீக்கிரம் சேர்ப்பதற்காக வயதைக் கூட்டி எழுதப்பட்ட பிள்ளை, விளையாட்டில் தன்னைவிடப் பெரியவர்களோடு ஓட வேண்டியிருக்கிறது. யாரும் அவனைப் பிடிப்பதில்லை. அவன் தோற்பது விதிமீறல் ஆகாதல்லவா? குறைத்து எழுதப்பட்டவன் மட்டுமே சந்தேகத்துக்கு ஆளாகிறான். எல்லைத் தேதியை ஒட்டிய சில மாதங்கள் எவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்கும் என்பதைக் கனடாவின் பனி ஹாக்கி வீரர்களை வைத்து ரோஜர் பார்ன்ஸ்லி 1985-இல் காட்டினார். ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே அணிகளில் நிறைந்திருந்தார்கள். அங்கே பிறந்த மாதம் உண்மையானது. இங்கே தலைமை ஆசிரியர் கையெழுத்து.

வேண்டுமென்றே செய்யும் வயது மோசடி இல்லவே இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. உண்டு, ஏராளமாக உண்டு. பள்ளிப் பதக்கம் என்பது சான்றிதழ், சான்றிதழ் என்பது இட ஒதுக்கீடு. அரசுப் பணிக்கான விளையாட்டு ஒதுக்கீட்டில் பள்ளி அளவிலான சாதனைக்கென்றே தனியாகப் படிவம் இருக்கிறது. தாளுக்கு விலை இருக்கும்போது தாளைத் திருத்தும் கைகளும் இருக்கும். அதைத் தடுக்க மருத்துவத்தை நாடினார்கள். இடக்கை மணிக்கட்டை ஊடுகதிர்ப் படமெடுத்து எலும்பு வளர்ச்சியை மதிப்பெண்ணிடும் டானர் - வைட்ஹவுஸ் முறையை இந்திய கிரிக்கெட் வாரியம் சிறுவர் அணிகளுக்குக் கொண்டுவந்தது. அந்த முறை முதலில் உருவானது பிரிட்டிஷ் குழந்தைகளின் எலும்புகளை வைத்து. ராகிக் களியும் அவரையும் தின்று வளர்ந்த மணிக்கட்டுக்கு அது எவ்வளவு பொருந்தும் என்ற கேள்வி ஒருபுறம் இருக்கட்டும். எலும்புச் சோதனையில் இருபுறமும் 2 ஆண்டுகள் பிழை நேரலாம் என்பதை உச்ச நீதிமன்றம் 1982-லேயே ஜெயமாலா வழக்கில் குறித்திருக்கிறது. 14 என்று படம் சொல்லும் பிள்ளை 12-ஆகவும் இருக்கலாம், 16-ஆகவும் இருக்கலாம். பிரிவுகளுக்கு இடையே உள்ள தூரமே 2 அல்லது 3 ஆண்டுகள்தான்!

எமக்கு வியப்பாக இருந்தது வேறொன்று. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், வயதுச் சான்று இல்லை என்பதற்காக எந்தக் குழந்தைக்கும் பள்ளியில் இடம் மறுக்கக் கூடாது என்கிறது. நல்ல சட்டம். ஆக, சான்றில்லாத பிள்ளை வகுப்பறைக்குள் உரிமையோடு நுழையலாம். அதே பள்ளியின் மைதானத்துக்கு வந்தால் அவன் சான்றில்லாதவன். 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, அன்றும் அதற்குப் பின்னும் பிறந்தவர்களுக்குப் பிறப்புச் சான்றே பிறந்த தேதிக்கு ஆதாரம். அந்தக் குழந்தைகள் ஓட வரும்போது இந்த மேசையில் கூட்டம் குறையலாம். அதற்கு இன்னும் பத்தாண்டுகள் இருக்கின்றன.

தகுதி இருந்தும் நின்றுபோனவர்களையும் சொல்ல வேண்டும். அதே 2023-இல், ஜூன் மாதத்துத் தேசியப் பள்ளி விளையாட்டுப் போட்டிகளுக்குத் தமிழகத்துப் பிள்ளைகள் செல்ல முடியாமல் போனது. அழைப்புத் தகவல் உரிய காலத்தில் உரிய இடத்துக்குப் போய்ச் சேரவில்லை. அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று பெரியவர்களுக்குச் சொல்லலாம். வயது எல்லையின் விளிம்பில் நிற்பவனுக்கு அடுத்த ஆண்டு என்று ஒன்று கிடையாது.

மாலை நெருங்கும்போது நடுகல்லையும் பார்த்துவிட்டோம். வயல் வரப்போரம், பாதி மண்ணில் புதைந்து, வில்லேந்திய உருவத்தோடு நின்றது. எழுத்து ஏதும் எஞ்சியிருக்கவில்லை. இந்த மாவட்டத்து வட்டெழுத்து நடுகற்களில் எழுத்து எஞ்சியவை அரசனின் ஆட்சியாண்டைச் சொல்லும். தொறுப் பூசலில் பட்டவன் பெயரைச் சொல்லும். யாருடைய சேவகன் என்பதைச் சொல்லும். பட்டவனுக்கு என்ன வயது என்பதைச் சொன்ன கல்லை நாம் இதுவரை படித்ததில்லை. நீண்ட வாழ்நாள் தரும் நெல்லிக்கனியை அதியமான் ஔவைக்கு ஈந்ததாகச் சொல்லப்படும் நாடு இது. ஔவையின் வயதைத்தான் யார் கேட்டார்கள்!

திரும்பும் வழியில் மைதானத்தில் மீண்டும் நிறுத்தினோம். பரிசளிப்பு நடந்துகொண்டிருந்தது. அந்தப் பையன் ஓடுகளத்தின் வளைவில், தன் பள்ளிப் பிள்ளைகள் கழற்றிப் போட்ட சட்டைகளுக்கும் செருப்புகளுக்கும் காவலாக உட்கார்ந்திருந்தான். ஆசிரியரிடம் பேச்சுக் கொடுத்தோம். பிறப்பைத் தாமதமாகப் பதிவு செய்ய வேண்டும், ஓராண்டு கடந்துவிட்டால் முன்பு நீதித்துறை நடுவரின் ஆணை தேவைப்பட்டது, இப்போது அதை வருவாய்த் துறைப் பக்கம் மாற்றியிருக்கிறார்கள், அவன் அம்மாவை வரச் சொல்லியிருக்கிறேன், அவர் பெங்களூருவில் கட்டட வேலையில் இருக்கிறார், பொங்கலுக்குத்தான் ஊர் திரும்புவார் என்றார். பொங்கல் வந்தால் ஆண்டு மாறிவிடும். பள்ளிப் பதிவேட்டுத் தேதியே சரி என்று அப்போது முடிவானாலும், அவன் இளையோர் பிரிவைக் கடந்திருப்பான்.

"நல்லா ஓடுவானா சார்?" என்று கேட்டோம்.

"காலைல பஸ்ஸ உட்டுட்டான். ஏரியூர் ரோட்டுலருந்து ஓடியே வந்தான்" என்றார்.